தோட்டத்து மோட்டார் சைக்கிளும் மாற்று உறுப்பும்

மழைக்காலத்துக் காலை வேளையில் ஹட்டன் நகரிலுள்ள உதிரிப்பாகக் கடை ஒன்றின் முன் சிறிது நேரம் நிற்பவர் ஒரு காட்சியைத் தவறாமற் காண்பர். தோட்டத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், பழைய செய்தித்தாளிற் சுற்றிய பொருளொன்றைக் கடைப்பலகையின் மேல் வைத்து அவிழ்க்கிறார். உள்ளே எண்ணெயும் சேறும் படிந்த பிரேக் ஷூக்கள் நான்கு. முன் சக்கரத்துக்குரியவை இரண்டு, பின்னதற்கு இரண்டு. அவற்றின் உராய்வுப்பட்டி தேய்ந்து உலோகம் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. கடைக்காரர் அவற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று வினாக்களை விடுக்கிறார். எந்த வண்டி? எந்த ஆண்டு? எவ்விலக்கம்? பின்னர் நான்காவதாக ஒன்றைக் கேட்கிறார்: "தம்பி, ஒரிஜினல் போடவா, மற்றதே போதுமா?"

இளைஞர் உடனே விடை சொல்வதில்லை. அவர் நிற்கும் அந்தச் சில நொடிகளில், துப்பாக்கிப் பட்டறையிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் தொடங்கி வந்த ஒரு நெடுங்கதை அடங்கியிருக்கிறது. அக்கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று காண்பது பயனுடையது.

தேய்ந்த உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடையில் வாங்கிய புதியதை அவ்விடத்திற் பொருத்தலாம் என்பது இன்று சிறுவரும் அறிந்த செய்தி. பதினெட்டாம் நூற்றாண்டுக் கம்மியனிடம் இதைச் சொல்லியிருந்தால் அவன் நகைத்திருப்பான். அக்காலத்துத் துப்பாக்கியில் ஒவ்வொரு திருகாணியும் அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே அரத்தால் அராவப்பட்டது. ஒன்றன் திருகாணி மற்றொன்றின் துளையில் ஏறாது. பிரான்சிலும், பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் அரசாங்க ஆயுதசாலைகளிலும், அளவுகோல்களும் பொறிகளுங் கொண்டு உறுப்புகளை ஒரே அச்சாகச் செய்யும் முறை மெல்ல மெல்ல உருவாயிற்று. 1850களில் ஆங்கில அரசாங்கம் அமெரிக்கப் பொறிகளை வரவழைத்து, என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த தன் ஆயுதசாலையில் நிறுவியது. கையால் துப்பாக்கி செய்து வாழ்ந்த பர்மிங்ஹாம் கம்மியர்கள் தம் தொழில் கைநழுவிப் போவதைக் கண்டனர். 1861ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, தாமும் பொறிகளால் ஆயுதம் செய்யும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினர். பி.எஸ்.ஏ. என்னும் மூன்றெழுத்துகள் அக்கம்பெனியின் ஆங்கிலப் பெயரின் தலையெழுத்துகளே. துப்பாக்கிக்குக் கேள்வி குறைந்த காலத்தில் அது சைக்கிள் செய்தது. 1910இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. ரெடிச் நகரத்து மற்றொரு கம்பெனி, என்ஃபீல்டு ஆயுதசாலைக்கு உறுப்புகள் செய்துகொடுத்த தொடர்பினால் தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயரிட்டுக்கொண்டது.

பி.எஸ்.ஏ. வண்டியின் முத்திரை, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். கொழுந்து மலைக்கு வந்து நின்ற சின்னத்துரையின் வண்டியில் அம்முத்திரையைக் கண்ட தொழிலாளர் அதற்கு வேறு பொருள் கொண்டிருந்தால் அவர்கள்மேற் குற்றமில்லை.

இனி மலைநாட்டுக்கு வருவோம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகளில் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஓய்ந்து தேயிலை மலைகளை மூடிற்று. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறிவந்தது. அதன் பின்னால் இயந்திரங்கள் வந்தன. பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சனின் சிராக்கோ உலர்த்திகள், வில்லியம் ஜாக்சன் அமைத்த உருட்டுப்பொறிகள், அவற்றை ஓட்டும் நீர்ச்சக்கரங்கள், எண்ணெய் எஞ்சின்கள் எல்லாம் ஒவ்வொரு தோட்டத்திலும் இடம்பெற்றன. இவ்வியந்திரங்கள் பழுதுற்றால் இங்கிலாந்திலிருந்து ஆள் வருமட்டும் கொழுந்து காத்திராது; பறித்த கொழுந்தை அடுத்த நாளே அரைத்தாக வேண்டும். ஆகையால் 1854இல் கண்டியில் ஜோன் வாக்கர் கோப்பிப் பொறிகளுக்காகத் தொடங்கியது போன்ற பட்டறைகளின் தேவை பெருகியது. தோட்டத் தொழிற்சாலையிலேயே பிட்டர் என்னும் கைவினைஞர் நிலைபெற்றார். அரம், உளி, கடைசல் இயந்திரம் ஆகியவை அவர் கைக்கு வந்தன. மலைநாட்டில் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்கும் கலைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆதியில் துரைமார் குதிரையேறி மலை சுற்றினர். தோட்டமொன்றின் டிவிசன்கள் பல மைல்கள் பரந்து கிடக்கும். விடியுமுன் ஒரு பிரட்டுக்களத்தில் நின்றவர், காலை உணவுக்குமுன் மற்றொரு மலையின் கவ்வாத்தைப் பார்த்தாக வேண்டும். குதிரைக்குப் புல்லும் குதிரைக்காரனும் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அவ்விரண்டும் வேண்டா. முதலாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பெரிய துரைக்குக் காரும் சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிளும் என்பது தோட்டத்து வழக்கமாயிற்று. வண்டியின் ஓசை எந்த வளைவில் கேட்கிறது என்பதைக் கொண்டே துரை வந்துசேர எத்தனை நிமிடமாகும் என்று கணக்கிடக் கங்காணிமார் கற்றுக்கொண்டனர். 1930களில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயங்களும் நடக்கலாயின. சுமையுடன் அதே மலையைக் கால்நடையாய் ஏறியவர்களுக்கு இது வேடிக்கையாகவே இருந்திருக்கும்.

அக்காலத்து ஆங்கில வண்டிக்கு உறுப்புத் தெரிவு செய்வது எளிதன்று. முதற்சிக்கல் திருகாணியின் புரியில் இருந்தது. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த புரி ஒன்று. அதன்பின் வந்த நுண்புரி மற்றொன்று. சைக்கிள் தொழிலுக்கென்று ஏற்பட்ட புரி மூன்றாவது. ஒரே வண்டியில் மூன்றும் கலந்திருப்பதுண்டு. கால் அங்குல ஆணியை எடுத்துக்கொண்டால், நுண்புரியிலும் சைக்கிள் புரியிலும் அங்குலத்துக்கு 26 புரிகளே. ஆயின் ஒன்றன் கோணம் 55 பாகை. மற்றதன் கோணம் 60 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றன் மரை மற்றதன்மேல் ஏறவுஞ் செய்யும், இறுக்கியதுபோலவுந் தோன்றும், கற்பாதையில் நாலு மைல் ஓடியபின் தளர்ந்துவிடும். ஸ்பேனரின் மேல் வெட்டியிருந்த அளவோ ஆணித்தலையின் அகலத்தைக் குறிக்கவில்லை. ஆணித்தண்டின் தடிப்பைக் குறித்தது. இவ்விவரத்தை அறியாமல் உறுப்பு வாங்கியவர், பொருந்தும் என்று நம்பி மழையில் நனைந்து திரும்பியிருப்பார்.

இரண்டாவது சிக்கல் மலையின் உயரம். இதைப் புத்தகத்திற் கற்றவரினும் மலையிற் கற்றவரே அதிகம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பிலிருப்பதைக் காட்டிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரின் ஜெட் என்னும் பித்தளைத் துளையோ, எங்கிருந்தாலும் ஏறத்தாழ அதே அளவு பெட்ரோலைத்தான் விடும். காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்தால் எரிதல் நிறைவுறாது, பிளக்கில் கரி படியும், வண்டி இருமும், ஏற்றத்தில் மூச்சு விடாது. எனவே மலைக்குச் சிறிய ஜெட் வேண்டும். அந்நாளைய ஆங்கில வண்டிகளிற் பெரும்பாலானவை ஏமல் கார்புரேட்டர் கொண்டவை. அதன் ஜெட்டின்மேல் வெட்டப்பட்ட இலக்கம், ஒரு நிமிடத்தில் அதனூடே பாயும் பெட்ரோலின் கனசென்டிமீட்டர் அளவாகும். இலக்கத்தைப் பார்த்துக் குறைந்ததைத் தெரிந்தெடுத்தால் போதும். ஆனால் அந்தச் சிறு ஜெட்டோடு கொழும்புக்கு இறங்கினால் விபரீதம் எதிராக நேரும். கீழே காற்று அடர்த்தி, பெட்ரோல் போதாது, எஞ்சின் அளவுமீறிச் சுடும், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஒரு பித்தளைத் துண்டை மாற்ற மறந்தவர் ஒரு பிஸ்டனுக்கு விலை கொடுக்க நேர்ந்தது.

மூன்றாவது மழை. தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. மாக்னெட்டோவுக்குள் ஈரம் புகுந்தால் தீப்பொறி வராது. பிட்டர்மார் அதைக் கழற்றிச் சமையலறை அடுப்பங்கரையில் உலர்த்தினர்.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் படைகளின் தூதுவர் ஓட்டியவை பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச், மாட்ச்லெஸ் ஜி3 ஆகிய வண்டிகள். போர் முடிந்து 1948இல் பி.எஸ்.ஏ. கம்பெனி பாண்டம் என்னும் 125 சி.சி. வண்டியை வெளியிட்டது. இதில் ஒரு விந்தை உண்டு. பாண்டத்தின் வரைபடம் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனிக்கு உரியது, போர் இழப்பீடாக நேச நாடுகளிடம் சென்றது. ஆங்கிலேயர் அதைக் கண்ணாடியிற் பார்த்ததுபோல் இடம்வலம் மாற்றிக்கொண்டனர். ரஷ்யரும் அமெரிக்கரும் அதே வண்டியை வெவ்வேறு பெயரிற் செய்தனர். 1955இல் யப்பானின் யமகா கம்பெனி வெளியிட்ட முதல் வண்டியும் அதன் வழியில் வந்ததே. உருவம் ஒன்று, உறுப்புகள் வேறு. தோற்றத்தை நம்பி உறுப்பு வாங்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி இருப்பு வற்றியது. இறக்குமதிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1968இல் செலாவணி உரிமைப் பத்திர முறை ஏற்பட்டு, அத்தியாவசியமல்லாத பொருள்கள் பலவற்றின் விலை மேலும் உயர்ந்தது. 1970க்குப் பின் கட்டுப்பாடு இன்னும் இறுகிற்று. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேற்பட்டதைப் பல ஆண்டுகளாக ஈட்டித் தந்தது தேயிலை. அத்தேயிலை விளைந்த மலையில், கொழுந்து நிறுக்கப் போகும் வண்டிக்கு ஒரு செட் பிஸ்டன் ரிங் வாங்க வழியில்லாதிருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் மாவும் அரிசியும் இன்றி மக்கள் பட்டினியால் வாடியதையும் உயிரிழந்ததையும் நினைத்தால், ரிங் கிடைக்காமையைத் துயரமென்று சொல்ல நா எழாது. ஆயினும் நோயாளியிடம் செல்லவேண்டிய தோட்டத்து மருந்தாளரின் வண்டியும் அந்த ரிங்கையே எதிர்பார்த்திருந்தது.

இல்லாமை கைவினையை வளர்த்தது. சிலிண்டர் தேய்ந்தால் அதைச் சிறிது அகலமாக அறுத்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் இடுவர். ஆங்கில வண்டிகளுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்று பிஸ்டன் அளவுகள் ஏறிச் செல்லும். நாற்பதும் முடிந்தால் சிலிண்டருக்குள் புதிய இரும்புக் குழாயொன்றை இறுக்கிச் செருகி, மீண்டும் பழைய அளவுக்கே கொண்டுவருவர். உரிய பிஸ்டன் கிடையாதபோது வேறு வண்டியின் பிஸ்டனைத் தேடினர். அதற்கு விட்டம் ஒத்தால் மட்டும் போதாது. குறுக்கு ஊசியின் தடிப்பு ஒக்க வேண்டும். ஊசியிலிருந்து பிஸ்டனின் உச்சிவரையுள்ள உயரம் ஒக்க வேண்டும். எடையும் பெரிதும் வேறுபடலாகாது. உயரம் மிகுந்தால் உச்சி வால்விலோ மூடியிலோ மோதும். கிளச்சுத் தட்டிலிருந்த தக்கைகள் கருகியபோது புட்டித் தக்கைகளை வெந்நீரில் வேகவைத்து மென்மையாக்கிச் செருகிக்கொண்டனர்.

பட்டறையிற் செய்ய இயலாதனவும் உண்டு. சங்கிலி, பேரிங், வால்வுச் சுருள் ஆகியவற்றை எந்தக் கடைசல்காரரும் செய்துவிட முடியாது. இவற்றைத் தேடிக் கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைக்கு இரவு மெயிலில் ஆள் அனுப்பினர். அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புறுப்பாய் விற்கும் கடைகள் வரிசையாய் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கையிற் பழைய உறுப்பு இல்லாமற் பஞ்சிகாவத்தைக்குப் போகலாகாது என்பது மலைநாட்டு மெக்கானிக்குகள் நன்கறிந்த விதி.

பிரேக்கின் கதை மட்டும் வேறு வகையானது. ரிங் தேய்ந்தால் வண்டி புகை விடும். பிரேக் தேய்ந்தால் வண்டி நிற்காது. கினிகத்தேனைக் கணவாயிலும் றம்பொடை வளைவுகளிலும் இறங்குபவர் மைற்கணக்காகப் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்க நேரிடும். உராய்வினால் எழும் சூடு பட்டியின் பிடியைக் குறைத்துவிடும். அனுபவசாலி கியரைக் குறைத்து எஞ்சினையே பிரேக்காக்கிக்கொள்வார். பஞ்ச காலத்தில் லொறியின் உராய்வுப்பட்டியை வெட்டி, வளைத்து, செப்பு ஆணிகளால் ஷூவில் அறைந்தனர். ஆணித்தலை பட்டியின் மேற்பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும். வெளியே நீட்டினால் டிரம்மைச் சுரண்டிவிடும். நல்ல பிட்டர் பட்டியின் இரு ஓரங்களையும் சற்றே சரித்து அராவுவார். இல்லையேல் பிரேக் திடீரெனக் கவ்வி வண்டியைச் சறுக்கவைக்கும். அந்தப் பட்டிகளில் இருந்தது கல்நார். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதை அறியாமல் வாயால் ஊதித் துடைத்தவர் பலர்.

இதற்கிடையில் உறுப்புகள் பிறந்த ஊர்களே ஓய்ந்தன. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. பி.எஸ்.ஏ. கம்பெனி 1970களின் தொடக்கத்தில் வீழ்ந்தது. ராயல் என்ஃபீல்டு புல்லட் மாத்திரம் கடல் கடந்து உயிர் தப்பியது. இந்தியப் படைக்கு வேண்டிய வண்டிகளுக்காக 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 1962 முதல் எல்லா உறுப்புகளும் அங்கேயே செய்யப்பட்டன. தாய்வீடு பாழான பின்னரும் பழைய ஆங்கிலப் புல்லட்டுகளுக்கு உறுப்புக் கிடைத்தது திருவொற்றியூர்த் தொழிலாளர் கையால்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமாரின் காலம் முடிந்தது. 1977 நவம்பரில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. யப்பானிய வண்டிகள் வெள்ளமென வந்தன. அந்நாட்டுத் தபால்காரர் ஓட்டிய ஹோண்டா எம்.டி.90 மலைப்பாதைகளிற் பரவலாக ஓடலாயிற்று. அங்குல ஸ்பேனர்கள் பெட்டியின் அடியிற் கிடந்தன. 10, 12, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் மேலே வந்தன. கூட்டல்குறி வெட்டிய யப்பானியத் திருகாணிக்கு ஐரோப்பியத் திருகுளி சரியாகப் பொருந்தாது என்பதைப் பலர் திருகாணித் தலைகளைச் சிதைத்த பின்னரே அறிந்தனர்.

இலக்கம் பார்த்து உறுப்புத் தெரியும் பழக்கம் இக்காலத்திலேதான் வேரூன்றியது. ஹோண்டா உறுப்பின் இலக்கம் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதல் ஐந்து இலக்கங்கள் அஃது எவ்வகை உறுப்பு என்று சொல்லும். நடுவிலுள்ள மூன்று குறிகள் எந்த மாதிரி வண்டிக்காக முதலில் வரையப்பட்டது என்பதைச் சொல்லும். இறுதிப் பகுதி பின்னர் வந்த மாற்றங்களைக் குறிக்கும். இதைப் படிக்கத் தெரிந்தவர், தம் வண்டிக்குரிய உறுப்பு வேறொரு மாதிரியிலும் இருக்கிறதா என்பதை ஒரு பார்வையிற் கண்டுகொள்வார். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத மெக்கானிக்குகள் இவ்விலக்கங்களை நூற்றுக்கணக்கில் மனனஞ் செய்து வைத்திருப்பதைக் காண்பவர் வியப்பர்.

வண்டி ஓட்டியவர்களும் மாறினர். துரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும் டீமேக்கருக்கும் ஆசிரியருக்கும் வந்த வண்டி, இந்தியாவின் பஜாஜ், டி.வி.எஸ்., ஹீரோ ஹோண்டா ஆகியன வந்த பின்னர் லயத்து இளைஞரையும் அடைந்தது. துரையின் வண்டிக்கு உறுப்பு வாங்கியது தோட்டத்துப் பணம். இளைஞரின் வண்டிக்கு உறுப்பு வாங்குவது தாயின் நாட்சம்பளம். அச்சம்பளம் 1,000 ரூபாய் ஆக்கப்பட்டதே 2021 மார்ச்சில்தான். அவர் பல்லை எண்ணிச் சங்கிலிச் சக்கரம் வாங்குகிறார். முன்னே 14 பல்லும் பின்னே 42 பல்லும் இருந்தால் விகிதம் மூன்று. பின்னதை 45 ஆக்கினால் வேகம் குறையும், ஏறும் வலிமை கூடும். இருவர் ஏறிப் பொகவந்தலாவை ஏற்றத்தில் செல்பவருக்கு வேகத்தினும் வலிமையே வேண்டும். புதிய சங்கிலியைத் தேய்ந்த சக்கரத்தில் மாட்டினால் இரண்டும் விரைவிற் கெடும் என்று தெரிந்திருந்தும், சங்கிலியை மட்டும் வாங்கிச் செல்பவர் உண்டு. அவர் அறியாமையால் அப்படிச் செய்வதாகச் சொல்லுதல் தகாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் எரிபொருளும் உறுப்புகளும் அரிதாயின. 1970களைக் கண்ட முதிய கைவினைஞர்கள் தம் பழைய ஆணிகளையும் அச்சுகளையும் மறுபடி எடுத்தனர். மோட்டார் சைக்கிள்களும் கார்களும் தாராளமாக வர வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகள் மேலும் பழையனவாயின; போலி உறுப்புகளும் பெருகின. பெட்டியின் அச்சும் வண்ணமும் அசலைப் போலவே இருக்கும். பழகிய கடைக்காரர் பெட்டியைப் பார்ப்பதில்லை. ஷூவின் வளைவைப் பழையதன்மேல் வைத்து ஒளிக்கு நேரே பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கிறார். பட்டி ஒட்டிய விளிம்பை நகத்தால் நெருடுகிறார்.

ஹட்டன் கடையில் நின்ற இளைஞர் இரண்டு பெட்டிகளையும் அவ்வாறே எடுத்துப் பார்க்கிறார். மறுநாள் விடியலில் தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். கையிலுள்ள பணம் ஒரு சோடி ஒரிஜினலுக்கே காணும். இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்சக்கரத்தில் விழும் என்பதை அவர் அறிவார்.

"அண்ணே, முன்னுக்கு ஒரிஜினல் தாங்க. பின்னுக்கு மற்றது போதும். சம்பளம் வந்ததும் அதையும் மாத்திக்கிறேன்."

கடைக்காரர் பழைய ஷூக்களை மறுபடி செய்தித்தாளிற் சுற்றி, வீசிவிட வேண்டாம் என்று சொல்லி, அவரிடமே கொடுக்கிறார்.